மறைமுகச் செலவா, பகிர்செலவா?

வணக்கம். எந்த ஒரு பொருளோடும் நேராகச் சேர்க்க முடியாத பொதுச் செலவை (indirect cost) ‘மறைமுகச் செலவு’ என்பதற்குப் பதிலாகப் ‘பகிர்செலவு’ என்னலாம் என்று சொல்லியிருந்தேன்.

‘மறைமுகச் செலவு பாடநூலிலேயே இருக்கிறதே, அதை ஏன் தொட வேண்டும்?’ என்று அக்கா கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் ஆய்வு நிதியில், துணை ஒப்பந்தம் போன்றவை நீங்கலாக, நேரடிச் செலவில் 25 விழுக்காட்டை இதற்கென்றே தருகிறார்கள். அந்த வரியை ‘மறைமுகச் செலவு: 25%’ என்று எழுதிப் பாருங்கள். எதையோ ஒளிக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். வாடகை, மின்கட்டணம், கணக்கர் சம்பளம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? மறைமுக வரியில் அந்தச் சொல் பொருந்தும்: கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர். இங்கே கதை வேறு.

மறைமுக வரியை இலங்கையில் ‘நேரில் வரி’ என்பார்கள்; அதைப் பின்பற்றி ‘நேரில் செலவு’ என்னலாம் என்றார் இன்னொரு நண்பர். நேர் + இல், அதாவது நேரல்லாதது; இலக்கணம் சுத்தம். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் ‘நேரில் வந்து பார்த்தேன்’ என்பதுபோலப் படித்துவிடுவார், பொருள் தலைகீழாகிவிடும். ‘மேற்செலவு’ என்றாலோ பலருக்குக் கூடுதலாக ஆன செலவு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பட்டறையில் நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். எந்த நாற்காலிக்கு எவ்வளவு மரம் என்று அளந்துவிடலாம். கட்டட வாடகையை அப்படி அளக்க முடியாது. இடப்பரப்பை வைத்துப் பிரிக்கிறோம். இயந்திரத் தேய்மானத்தை ஓடிய மணிக்கணக்கில் பிரிக்கிறோம். மேற்பார்வையாளர் சம்பளம் இன்னும் வேடிக்கை: அந்தப் பிரிவுக்கு அது நேரடிச் செலவு, ஒரு நாற்காலிக்கு அல்ல. எதற்குக் கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

அதனால்தான் ‘பகிர்செலவு’ என்கிறேன். வினைத்தொகை, பகிர்ந்த, பகிர்கிற, பகிரும் மூன்றும் அடக்கம். பகிர்வு வீதம், பகிர்வு அடிப்படை என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன.

பசை இடிக்கிறதே என்பீர்கள். நாற்காலிக்கு எத்தனை சொட்டு என்று அளக்கலாம்தான். அளக்கிற கூலி பசையின் விலையைத் தாண்டிவிடும். அதனால் அதையும் பொதுக்கணக்கில் போட்டுப் பகிர்ந்துவிடுகிறோம்.

எனக்கே உறுத்துவது வேறொன்று. நிதி பெறும் நிறுவனம் தன் கைக்காசில் ஒரு பங்கு போடுவதையும் ‘செலவுப் பகிர்வு’ என்கிறார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம்தான். அந்தக் கைக்காசுப் பங்குக்கு ‘உடன்பங்கு’ சரிப்படுமா?