உதவி: 1967 மரப்படகு, அலுமினியப் பாய்மரம். கிளாசிக் போட்டியில் சேர்ப்பார்களா?

மார்செய்_குமரன்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து போன குளிர்காலத்தில் ஒரு பழைய பாய்ப்படகு வாங்கினோம். ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பகம் வரைந்தது, இத்தாலியில் கட்டியது. நீளம் 11 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், ஓக் சட்டத்தின் மேல் மகோகனிப் பலகை. 1967இல் வெள்ளோட்டம் விட்டதாக விற்றவர் சொன்னார்.

செப்டம்பரில் கான் நகரத்து ரெகாட் ராயல், அதை ஒட்டி வரும் வ்வால் த சேன் த்ரோப்பே, இந்த இரண்டு பழம்படகுப் போட்டிகளிலும் ஓடவேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்கு சிஐஎம் என்ற குழு தரும் ரேட்டிங் சான்றிதழ் (வேறுபட்ட படகுகளை ஈடுகட்டும் எண்) வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தோம், திரும்பி வந்துவிட்டது. "வெள்ளோட்ட ஆண்டுக்கு ஆதாரம் இல்லை, மூலப் பாய் வரைபடம் இல்லை" என்று ஒரே வரி.

எங்கள் பயம் பாய்மரத்தைப் பற்றியது. இப்போது இருப்பது அலுமினியம். பழைய மரத்தூணை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறோம். ஸ்ப்ரூஸ் மரத்தில் புதிதாகச் செய்ய ஒரு பட்டறையில் விலை கேட்டோம். படகு வாங்கிய காசில் பாதி! இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டவேண்டும். கட்டலாமா? மரத்தூண் இல்லாமல் உள்ளே விடவே மாட்டார்களா?

நங்கூரம்:

தம்பி, முதலில் அந்த முன்பணத்தை நிறுத்துங்கள். வரைபடம் கைக்கு வரும்வரை ஒரு காசும் கட்டவேண்டாம்.

நான் இருபது வருடமாக இந்தக் கடற்கரையில் மரப்படகுகளுக்குப் பலகை மாற்றுகிறவன். பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம், கிளாசிக் என்றால் எல்லாம் மரமாக இருக்கவேண்டும் என்பது. விதி அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் படகு அதன் சொந்த வரைபடத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்றுதான் பார்க்கிறது. 1930இல் மரத்தூணோடு இறங்கிய படகில் அலுமினியம் நின்றால் அது குறை. முதல் நாளிலேயே அலுமினியத்தோடு இறங்கிய படகில் அது குறையே இல்லை. 12 மீட்டர் வகுப்புப் படகுகள் 1958 அமெரிக்கக் கோப்பைக் காலத்திலேயே அலுமினியத் தூணுக்குப் போய்விட்டன. 1967 என்றால் உங்கள் படகுக்கும் முதலிலேயே அதுதான் இருந்திருக்கலாம். அப்படி இருந்தால், நீங்கள் காசு கொட்டிச் செய்யும் ஸ்ப்ரூஸ் தூண்தான் மூலத்திலிருந்து விலகிய பொருள்.

சரி, வயதுக் கணக்கு. சிஐஎம் 1926இல் தொடங்கிய மத்தியதரைக் கடல் குழு. மரத்தாலோ உலோகத்தாலோ கட்டி, 1949 முடிவதற்குள் நீரில் இறங்கியவை 'எபோக்' பிரிவு. 1950 முதல் 1975 முடிய இறங்கியவை 'கிளாசிக்'. பழைய தோற்றத்தில் நவீன முறையில் கட்டியவை 'ஸ்பிரிட் ஆஃப் ட்ரெடிஷன்'. உங்களுடையது நடுப்பிரிவு, ஆண்டை நிரூபித்தால்.

இங்கே கணக்கில் வருவது வெள்ளோட்டத் தேதி. படகை வரைந்த தேதி அல்ல. 1974இல் வரைந்து 1977இல் இறங்கியிருந்தால் பிரச்சினைதான். மூல வரைபடத்தின்படியே அப்படியே திரும்பக் கட்டிய நகல்களுக்கு மட்டும் பார்வை வேறு. 1911இல் அமெரிக்காவில் ஹெரெஷாஃப் கட்டிய எலெனா என்ற படகின் நகல் 2009இல் இறங்கியது, அது பழைய பெரும்படகுகளோடுதான் ஓடுகிறது.

தேன்மொழி_ஜெனோவா:

குமரன், நங்கூரம் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் இங்கே ஒரு படகு உரிமையாளருக்குக் காகித வேலை பார்க்கிறேன், இதே ஒற்றை வரிப் பதில் எங்களுக்கும் வந்திருக்கிறது. அது நிராகரிப்பு இல்லை. கோப்பில் என்ன குறைகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம், வரைந்தது ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீபன்ஸ். அவர்களுடைய பழைய வரைபடத் தொகுப்பு அமெரிக்காவில் கனெக்டிகட்டிலுள்ள மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கண்டுபிடித்து எழுதினால் தேடுவது சுலபம். நகல் எடுக்க வடிவமைப்பகத்தின் அனுமதியும் தேவைப்படலாம், அதனால் இன்றைக்கே எழுதுங்கள். பாய் வரைபடம், தூண் விவரத்தாள், மேல்தள வரைபடம் மூன்றையும் கேளுங்கள். உட்புற அறைகளின் படம் பிறகு வந்தாலும் பரவாயில்லை.

ஆண்டுக்கு ஆதாரமாக லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் ஆஃப் யாட்ஸ் பாருங்கள். 1878இல் தொடங்கி 1980 வரை வந்த பதிவேடு. உரிமையாளர், கட்டிய இடம், ஆண்டு எல்லாம் வரிசையாக இருக்கும். படகு பெயர் மாறியிருந்தால் பழைய பெயரில் தேடவேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். முதல் பதிவுப் பத்திரம், பட்டறை அடித்த தகடு, அந்தக் காலத்துப் புகைப்படம் எதுவாக இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்செய்_குமரன்:

மிக்க நன்றி அண்ணா, அக்கா. முன்பணம் கட்டவில்லை. நேற்று முழுக்க மேசை லாம்பின் அடியில் பலகையைத் தடவிக்கொண்டிருந்தேன், உள்ளே ஒரு விட்டத்தில் எண் செதுக்கியிருக்கிறது. அது பட்டறை எண்ணா, வடிவமைப்பு எண்ணா என்று தெரியவில்லை. இரண்டாகவும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் சில சந்தேகம். முன்னாள் உரிமையாளர் கெவ்லார் என்ற நவீன இழையில் செய்த லாமினேட் ஜெனோவா (பெரிய முன்பாய்) ஒன்றை விட்டுப்போயிருக்கிறார், நல்ல நிலையில் இருக்கிறது. அதைப் போடலாமா? காக்பிட்டில் செல்ஃப்-டெய்லிங் வின்ச் (கயிற்றைத் தானே பிடித்துக்கொள்ளும் சுழல் உருளை) இருக்கிறது. நீருக்குக் கீழே பலகையின் மேல் எபோக்சி பூசியிருக்கிறார்கள். இதெல்லாம் எங்களைத் தடுக்குமா? அப்புறம், இவ்வளவு வேறுபட்ட படகுகள் சேர்ந்து ஓடினால் யார் ஜெயித்தார்கள் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

நங்கூரம்:

கெவ்லார் பாயை மடித்துப் பையில் வைத்துவிடுங்கள். நெய்த டாக்ரான் (பாலியெஸ்டர் துணி)தான் இந்தப் போட்டிகளின் பாய். ஸ்பின்னேக்கர் என்ற உப்பலான முன்பாய்க்கு நைலான். புதிய பாய் தைக்கும்போது துணிப்பட்டைகளை அகலமாக விடாமல் குறுகலாக வைக்கச் சொல்லுங்கள், வெள்ளையாக இல்லாமல் பாலாடை நிறத்தில் எடுங்கள். இது என் விருப்பம்தான், விதியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மேல்தளத்துக்கு அதுதான் பொருந்தும்.

வின்ச் போன்ற மாற்றங்கள் படகை வெளியே தள்ளாது. நம்பகத்தன்மைக் குணகம் என்று ஒன்று கணக்கில் வருகிறது. மூலத்தை விட்டு விலகிய ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும், அது ரேட்டிங்கில் உங்களுக்கு எதிராகப் போகும். அதனால்தான் பழைய வின்ச் கிடைத்தால் சும்மாகூட வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன். ஒருவன் தூக்கி எறியும் வெண்கலச் சாமான்தான் இன்னொருவனுக்குப் புள்ளி. முன்னாள் உரிமையாளரின் கொட்டகையில் என்ன கிடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

எபோக்சியைப் பற்றி மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். பலகை உயிரோடு இருக்கிறதா, பூச்சுதான் படகைத் தாங்குகிறதா என்று அளவையாளர் பார்ப்பார். நீங்கள் சொல்லி அவர் பார்ப்பது வேறு, அவரே கண்டுபிடிப்பது வேறு. மேல்தோல் மாறிய படகுகளை இந்த உலகம் ஒதுக்கிவிடவில்லை. ஸ்காட்லாந்து வடிவமைப்பாளர் ஃபைஃப் வரைந்து 1898இல் இறங்கிய பென் டூயிக் என்ற படகின் மரம் உளுத்துப்போனபோது பிரெஞ்சுக் கடலோடி எரிக் தபார்லி 1958இல் அந்த உடலையே அச்சாக வைத்துப் பாலியெஸ்டரில் புதிய உடல் வார்த்தார். அந்தப் படகை அப்படித்தான் காப்பாற்ற முடிந்தது. அவரும் 1998இல் அந்தப் படகிலிருந்து விழுந்துதான் போனார். அதை நினைக்காமல் என்னால் அந்தப் பெயரைச் சொல்ல முடிவதில்லை.

தேன்மொழி_ஜெனோவா:

யார் ஜெயித்தார்கள் என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன். சான்றிதழில் ஏபிஎம் என்று ஓர் எண் இருக்கும். இத்தாலிய மொழியில் 'மைலுக்கு இத்தனை வினாடி சலுகை' என்று அர்த்தம். படகின் நீளம், எடை, பாய்ப் பரப்பு, நங்கூரம் அண்ணா முன்னால் சொன்ன நம்பகத்தன்மைக் கணக்கு எல்லாம் சேர்ந்து அந்த எண் வருகிறது.

உதாரணத்துக்கு உங்கள் எண் 140, பக்கத்துப் படகின் எண் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் 12 கடல்மைல். வித்தியாசம் 50 வினாடி, 12ஆல் பெருக்கினால் 600 வினாடி. அவர்கள் உங்களை விடப் பத்து நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்தால்தான் ஜெயித்ததாகக் கணக்கு. ஆகவே கடிகாரத்தை நீங்களும் வைத்திருங்கள். கரையில் நிற்பவர்கள் பெரிய படகுக்குக் கை தட்டும்போது நீங்கள் ஜெயித்திருப்பீர்கள்.

அளக்கும் நாளில் மெயின் பாயின் உயரம், அடி, முன்முக்கோணத்தின் (தூணுக்கு முன்னால் முன்பாய்க்கு உள்ள இடத்தின்) உயரம், அதன் அடி ஆகிய நான்கையும் சரியாகக் குறித்து வையுங்கள். சான்றிதழில் அவை பி, ஈ, ஐ, ஜே என்று வரும். தூணில் கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கவேண்டும், பாய் அதைத் தாண்டக்கூடாது.

சுக்கான்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இன்னும் யாரும் பேசாத ஒன்று, மோதல். நீள அடிக்கட்டை உள்ள பழைய படகு சீக்கிரம் திரும்பாது, அடுத்தவர் பெரியவராக இருந்தால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பௌஸ்ப்ரிட் கம்பம் எங்கே வரைக்கும் நீள்கிறது என்று மட்டுப்பிடிக்கவே முடியாது.

1995இல் சேன் த்ரோப்பே வளைகுடாவில் நியூலார்க் போட்டியில் 1915ஆம் ஆண்டின் பெரிய ஸ்கூனர் மரியெட்டும் ஒரு 6 மீட்டர் வகுப்புப் படகும் மோதின. ஒருவர் இறந்தார். போட்டியே நின்றுபோய், 1999இல்தான் வ்வால் த சேன் த்ரோப்பே என்ற இப்போதைய பெயரில் திரும்பி வந்தது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சிறிய படகில் போகிறவர்கள் நீங்கள்தான், அதனால் சொல்கிறேன்.

போட்டி அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். உலகப் பாய்ப்படகு விதிப்புத்தகத்தின் இப்போதைய பதிப்பு 2025-2028. அதன் இரண்டாம் பகுதி, படகுகள் சந்திக்கும்போது யார் வழிவிடவேண்டும் என்பது. அறிவிப்பில் எழுதியிருந்தால் அந்தப் பகுதிக்குப் பதிலாகக் கடல்மோதல் தடுப்புச் சர்வதேச விதிகளின் வழியுரிமை பொருந்தும். எது பொருந்துகிறது என்று தெரியாமல் தொடக்கக் கோட்டுக்குப் போகவே கூடாது.

காப்பீட்டுப் பத்திரத்தில் 'போட்டி' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண உல்லாசப் படகுக் காப்பீடு பல நேரம் போட்டியை விலக்கி எழுதியிருக்கும். மூன்று பேரும் கூட வருபவர்களும் பாய்ப்படகு சம்மேளன உரிமம் வாங்கவேண்டுமா என்பதும் அதே அறிவிப்பில் இருக்கும்.

மார்செய்_குமரன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். வரைபடம் வந்துவிட்டது!

செதுக்கிய எண் பட்டறை எண்தான், அதை வைத்தே வடிவமைப்பு எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். பழைய பதிவேட்டில் ஆண்டு 1968 என்று இருக்கிறது, விற்றவர் ஒரு வருடம் பிசகியிருக்கிறார். பரவாயில்லை, எல்லைக்குள்தான் இருக்கிறோம்.

பாய் வரைபடத்தின் ஓரத்தில் தூணுக்கு நேரே, இலகு உலோகக் கலவை என்று எழுதியிருக்கிறது. மூன்று பேரும் அந்த வரியை மாறி மாறிப் படித்தோம். அண்ணா, நீங்கள் தடுக்காவிட்டால் சரியான தூணைப் பிடுங்கித் தப்பான தூணை நட்டிருப்போம்.

முன்னாள் உரிமையாளரின் கொட்டகையில் இரண்டு வெண்கல வின்ச் கிடந்தன, கைப்பிடியோடு. காசு வாங்க மாட்டேன் என்றார், போட்டியன்று ஒரு நாள் படகில் வரலாமா என்று மட்டும் கேட்டார். காப்பீட்டில் போட்டி இல்லைதான், சுக்கான் அண்ணா சொன்னபடி சேர்த்துவிட்டோம். அளவையாளர் அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறார். தூணுக்கு வைத்திருந்த காசில் டாக்ரான் ஜெனோவாவுக்குச் சொல்லியிருக்கிறோம், பாலாடை நிறத்தில்.