பூண்டுக் குழம்பு வைத்த நாள்: தனியாக வாழும் முதுமையில் சில அனுபவங்கள்

ஓய்வு பெற்ற தமிழாசிரியை, பொன்மலைப்பட்டி, திருச்சி

என் கணவருக்குப் பூண்டு வாசனை ஆகாது. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கிரீசிலும் கரியிலும் புழங்கிய மனிதர், அடுப்பங்கரையில் ஒரு பல் பூண்டு வதங்கினால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். 1976இல் நான் திருமணமாகி வந்த நாள் முதல் 2017இல் அவர் மறைந்த நாள் வரை எங்கள் வீட்டு ரசத்தில் பூண்டு விழுந்ததே இல்லை. எனக்கோ பிறந்த வீட்டில் பூண்டுக் குழம்பு என்றால் இன்னொரு கரண்டி சோறு சேர்ந்து இறங்கும். இதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. எனக்காக அவர் வெற்றிலையை விட்டார், அவருக்காக நான் பூண்டை விட்டேன், கணக்கு நேர் என்றுதான் இருந்தேன்.

அவர் போன பிறகு ஓராண்டுக்கும் மேலாக நான் ஒழுங்காகச் சமைக்கவில்லை. ஒருத்திக்காக அரிசியைக் களைவதும், ஒருத்திக்காகத் தாளிப்பதும் வீண் வேலையாகத் தோன்றியதால், காலையில் வடித்த சோற்றில் மோரை ஊற்றி இரண்டு வேளையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் புறநானூற்றின் 246ஆம் பாட்டைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். பூதப்பாண்டியன் இறந்தபோது தீப்பாயத் துணிந்த அவன் தேவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்க வந்த சான்றோரிடம் கைம்பெண்ணின் சாப்பாட்டை விவரிக்கும் பாட்டு அது. நெய் தீண்டாத பிழிந்த சோறு, எள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பரல் கல்லின் மேல் படுக்கை. "ஏன் டீச்சர், அவங்க நெய் ஊத்திக்கக் கூடாதா?" என்று ஒரு பெண் ஒருமுறை கேட்டாள். அந்தக் கால வழக்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வி, மோர்ச்சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியான வேளையில் எனக்குத் திரும்ப வந்தது. என்னை யாரும் பட்டினி போடவில்லை. ஃபிரிட்ஜில் நெய் இருந்தது. இரண்டு ஓய்வூதியம் வங்கிக்கு வந்துகொண்டிருந்தது. ஆனாலும் என் தட்டு அந்தப் பாட்டில் உள்ள தட்டைப் போலத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போய்க் கால் கிலோ பூண்டு வாங்கினேன். வழக்கமாக வெங்காயம் கொடுக்கும் அம்மாள், "டீச்சர் வீட்டுல பூண்டு சேர்க்க மாட்டீங்களே" என்றார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளியைக் கெட்டியாகக் கரைத்து விட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதிக்கவிட்டேன். முதல் கவளத்திலேயே கண் கலங்கிவிட்டது. துக்கமா, குழம்பின் காரமா, அவருக்குத் தெரியாமல் ஏதோ செய்துவிட்ட குற்ற உணர்வா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன்.

இப்போது ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டேன். அவருடைய திதியன்று சமையலில் பூண்டு இருக்காது. அவருக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலும் பாசிப்பருப்புப் பாயசமும் இலையில் இருக்கும். மறுநாள் எனக்குப் பூண்டுக் குழம்பு. என் மகளுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. அப்பாவை மறந்துவிட்டேனோ என்று நினைக்கிறாளோ என்னவோ. மறப்பதாவது! காலையில் காபிக்கு முன்னால் நான் செய்யும் முதல் வேலை, 1979இல் அவர் வாங்கிய எச்.எம்.டி. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுதான். நாளுக்கு நான்கு நிமிடம் பின்தங்கும். முன்பெல்லாம் பணிமனைச் சங்கு ஊதும்போது அவர் முள்ளைத் திருத்திக்கொள்வார். நான் வானொலிச் செய்தி தொடங்கும் நேரத்தை வைத்துத் திருத்துகிறேன். ஒரு நாள் விட்டுப்போனால் கடிகாரம் நின்றுவிடுகிறது. அதன் ஓட்டம் என் கையில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு.

அவர் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பழுதுபார்க்க வரும் பிரிவில் இருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை என்று பேரப்பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போலச் சொல்லுவார். சரிவில் எஞ்சின் பின்னுக்கு வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தின் நடுவே பல்வைத்த இரும்புப் பட்டை இருப்பதையும், எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுவதையும் இரண்டு கைவிரல்களையும் கோத்துக் காட்டுவார். 2005இல் யுனெஸ்கோ அந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தாமே பட்டம் வாங்கியது போலத் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அந்த விரல் கோக்கும் வித்தையை இப்போது என் பேரன் தன் நண்பர்களுக்குச் செய்து காட்டுகிறான். அவனுக்கே தெரியாமல் அவன் தாத்தாவைப் போலவே இடது கட்டைவிரலை வெளியே நீட்டிக்கொள்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு உறவுக்காரப் பெண்ணின் வளைகாப்பில், எவரும் சொல்லாமலே நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பெண் என்னிடம் படித்தவள். எழுந்து வந்து, கையை நீட்டி, "நீங்க போடுங்க டீச்சர்" என்றாள். போட்டேன். மண்டபத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். வளையல் போட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தக் கைதட்டல் மட்டும் பிடிக்கவில்லை. என் அருகில் இருந்த மாமி போட்டபோது எவரும் தட்டவில்லையே.

அஞ்சல் ஊழியர், மன்னார்குடிப் பக்கம்

டீச்சர் அம்மா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு பாட்டியின் நினைவு வந்தது. ஓய்வூதியம் பெறுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தாம் உயிருடன் இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். அதை வீட்டுக்கே போய்ப் பதிவு செய்து கொடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. அதற்கு 70 ரூபாய் கட்டணம். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் பெரும்பாலும் நவம்பரில் கொடுப்பார்கள். எண்பதைத் தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். நான் சொல்லும் பாட்டிக்கு எண்பத்து மூன்று வயது. கணவர் பட்டாளத்தில் இருந்தவர். அவர் காலமாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன.

நான் கைரேகைக் கருவியை எடுத்து வைத்ததும், "நான் உசுரோட இருக்கேன்னு உனக்குத் தெரியாதா தம்பி, வாரா வாரம் இந்த வழியாத்தானே சைக்கிள்ல போற?" என்று கேட்டார். எனக்குத் தெரியும் பாட்டி, கணினிக்குத் தெரியாது என்றேன். ஆனால் அவர் விரலைக் கருவி ஏற்கவில்லை. நாற்று நட்டும், சாணி தட்டியும், பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? வெந்நீரில் கழுவித் துடைத்துப் பார்த்தோம். பத்து விரலும் பயனில்லை. பிறகு கைப்பேசியில் முகத்தைப் படம் பிடித்துப் பதிவு செய்யும் முறைக்குப் போனோம். 2021இல் வந்த வசதி அது. கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அதைச் சொன்னதும் பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "இத்தனை வயசுக்கு மேல ஒரு ஆம்பளப் பிள்ளையப் பார்த்துக் கண்ணடிக்கச் சொல்றியே, அவரு இருந்தா உன்னச் சும்மா விடுவாரா?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான்காவது முயற்சியில்தான் பதிவானது. அந்தப் படத்திலும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வேலை முடிந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து, நூல் கட்டிய இன்லண்ட் கடிதக் கட்டு ஒன்றை எடுத்து வந்தார். 1971 போர்க்காலத்தில் அவர் கணவர் எழுதியவை. அனுப்பியவர் முகவரியில் '56 ஏ.பி.ஓ.' என்று ராணுவ அஞ்சல் நிலையத்தின் குறி இருந்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் தபால்காரராக இருந்த பெரியவர்தான் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்துக் காட்டுவாராம். ஒன்றை வாசிக்கச் சொன்னார். நலம், நலமறிய அவா; வாய்க்காலில் தண்ணீர் வந்ததா; சிவப்புப் பசு ஈன்றதா; அனுப்பிய பணம் கிடைத்ததா. அன்பு, காதல் என்ற சொல் ஒன்றுகூட இல்லை. நடு மடிப்பில் தாள் இற்றுப்போய் ஒரு வரி காணாமல் போயிருந்ததால், நான் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். "நில்லு தம்பி," என்றார் பாட்டி. "அந்த எடத்துல, 'சின்னவனுக்குக் காது குத்துறதை நான் வந்தப்பறம் வச்சுக்கலாம்'னு இருக்கும்." தாளில் இல்லாத அந்த வரியையும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இப்போதெல்லாம் அந்தத் தெருவுக்குப் போகும் நாளில் கால் மணி நேரம் கூடுதலாக ஆகிறது. எல்லாக் கடிதமும் முடிந்து, இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மகள்

என் தாயார் தந்தையோடு அல்லாமல் எங்கும் தனியாகப் போனதில்லை. தந்தை மறைந்த பிறகு, அம்மா வெள்ளிக்கிழமைதோறும் காலையில் "கொஞ்சம் வேலை இருக்கிறது" என்று கிளம்பி மதியம் திரும்புவார். என்ன வேலை என்று கேட்டால் கோயில் என்பார். ஒரு வெள்ளிக்கிழமை எதேச்சையாகப் பழைய பேருந்து நிலையத்தில், திருவையாற்றிலிருந்து வந்து நின்ற நகரப் பேருந்திலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்துவிட்டேன். கையில் இருந்த பொட்டலத்தைச் சட்டென்று பைக்குள் மறைத்தார். திருவையாற்று அசோகா அல்வா. சர்க்கரை நோய்க்காரர் என்பதால் கோபித்துக்கொண்டேன். நூறு கிராம்தான், அதில் பாதியைப் புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து தின்றுவிட்டு மீதியைப் பேத்திக்குக் கொண்டுவருகிறேன் என்று குழந்தையைப் போல விளக்கம் சொன்னார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எங்களுக்கெல்லாம் ஒரு செய்தி. அவருக்கு அது எவரிடமும் காசு கேட்காமல், கணக்குச் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போக ஒரு வழி. நான் விடாமல் கேட்டதில் இன்னொரு காரணமும் வெளியே வந்தது. "உங்கப்பாகூடப் போனா சன்னல் சீட்டு அவருக்குத்தான்டி. எனக்குக் காவேரியே சரியாத் தெரியாது." போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் என்று உட்கார்ந்து, வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக எல்லா ஆறுகளையும் பார்த்துவிடுகிறாராம். எதில் தண்ணீர் ஓடுகிறது, எதில் மணல் தெரிகிறது என்று இப்போது வீட்டில் அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். சர்க்கரை அளவை மாதம் ஒருமுறை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் கேட்பதில்லை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை, பொன்மலைப்பட்டி

சன்னல் இருக்கையைப் பற்றிப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ரயில்வே பாஸில் மேட்டுப்பாளையம் போய் மலை ரயிலில் ஏறியபோதுகூட, சக்கரத்தின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று சன்னலோரத்தில் அவர்தான் உட்கார்ந்தார். நான் பார்த்ததெல்லாம் அவருடைய பிடரியைத்தான். அந்த மகளிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவிடம், எனக்கும் சேர்த்து ஆறுகளைப் பார்த்துவரச் சொல்லுங்கள். முழங்கால் வலி அனுமதித்தால் நானே ஒருநாள் திருவையாற்றுக்கு வருவேன்.

அஞ்சல்காரத் தம்பி சொன்ன காது குத்து வரி இரண்டு நாளாக மனத்தை விட்டுப் போகவில்லை. எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து இருந்ததில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்கள் எதற்குக் கடிதம் எழுதிக்கொள்ளப் போகிறோம்? அவர் கையெழுத்தில் என்னிடம் இருப்பது மளிகைக் கணக்கு நோட்டு மட்டும்தான். நேற்று அதை எடுத்துப் புரட்டினேன். 1983ஆம் ஆண்டு ஜூன் மாதப் பக்கத்தில், துவரம்பருப்புக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நடுவில், 'பூண்டு - 100 கிராம்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அவளுக்கு' என்று போட்டிருக்கிறார். மகளைப் பெற்று நான் படுத்திருந்த மாதம் அது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பூண்டு கொடுக்க வேண்டும் என்று என் தாயார் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் பூண்டு விழுந்ததே இல்லை என்று மேலே எழுதியிருந்தேன். அது தவறு, மன்னிக்கவும்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டு வந்திருப்பதாக எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். அதற்கு வாசனை சற்று அதிகம். வதக்குவதற்கு முன்னால், அவர் படம் மாட்டியிருக்கும் கூடத்துச் சன்னல்களைத் திறந்து வைத்துவிடுவேன்.