வெள்ளைச் சுவரை நம்பியதால் நீலமான முகம்

முதல் பதிவு:
அம்மாவின் முகத்தில் ஒரு பக்கம் சன்னல் வெளிச்சம், மறுபக்கம் மேசை விளக்கு. படம் மஞ்சளடித்திருந்ததால், லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில், சொடுக்கும் இடத்தை நிறச் சாயலற்றதாகக் கொண்டு படம் முழுவதையும் திருத்தும் ஐட்ராப்பரை எடுத்து, விளக்கொளி விழுந்த வெள்ளைச் சுவரில் வைத்துச் சொடுக்கினேன். சுவர் வெளுத்தது, சன்னல் பக்கத்துக் கன்னமோ நீலம் பாரித்துவிட்டது. அருகில் நின்று பார்த்த அம்மா, "எனக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. மஞ்சள்-நீலச் சாயலை மாற்றும் கெல்வின் எண்ணை 3200-லிருந்து 5500 வரை நகர்த்தியும், ஒரு கன்னம் தேறினால் மறு கன்னம் கெட்டது.

மறுமொழி 1:
என் கதை இதைவிடக் கேவலமானது. விடிய விடியத் திருத்திய படங்கள் காலையில் பார்த்தபோது எல்லாமே நீலமாக இருந்தன. இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைக்க மறந்திருந்தேன். இல்லாத மஞ்சளை இரவெல்லாம் நீக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை அணைத்துவிட்டேன், அதன்பின் ஐட்ராப்பரைத் தொடுவதில்லை, கண்ணை மட்டுமே நம்புகிறேன்.

மறுமொழி 2:
மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. எந்த நிறச் சாயலையும் சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகிவிடும் என்பதால், கண்ணை மட்டும் நம்புவதுதான் ஆபத்து. ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தில், பச்சையடித்த முகங்களைச் சரிசெய்ய நான் அரை மணி நேரம் கெல்வினையே உருட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் (ஊதா கலந்த சிவப்பு) இடையே சாயலை மாற்றும் டிண்டில் இருந்தது, மெஜந்தா பக்கம் சற்றே நகர்த்தியதும் முகங்களுக்கு உயிர் வந்தது. சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய இடத்தில் மென்பொருள் காட்டும் சிவப்பு, பச்சை, நீல எண்கள் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். வெள்ளையைத் தேடி அலையாதீர்கள்: ஒளி மிகுந்து வெளிறிய இடத்தில் நிறத் தகவலே மிஞ்சியிருக்காது, சுவர்ப் பூச்சில் லேசான மஞ்சள் கலந்திருக்கலாம், வெள்ளைத் தாளில் சேர்க்கும் வெளுப்பூட்டியோ புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். சாயலற்ற சாம்பல் நிற அட்டையான கிரே கார்டு ஒன்றைப் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும், நிறத்தைக் கேமராவே முடிவுசெய்துவிடும் ஜேபெக் கோப்பை விட்டு, கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுப்பதும் பாதித் தலைவலியைக் குறைக்கும். முதல் பதிவரே, உங்கள் சுவரின் மீது குற்றமில்லை. இரண்டு ஒளிக்கு ஒரே எண்ணைத் தேடினீர்கள்.

முதல் பதிவர்:
நான் ஆலோசனை கேட்டு எழுதவில்லை. ஆனாலும் கடைசி வரி சுட்டுவிட்டது. படம் முழுவதையும் பகலொளிக்கு வைத்துவிட்டு, விளக்குப் பக்கக் கன்னத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு மஞ்சளைக் குறைத்தேன். முழுவதும் எடுத்தால் விளக்கு எரியும் அறையாகவே தோன்றவில்லை என்பதால் கொஞ்சம் விட்டுவைத்தேன். இப்போது இரண்டு கன்னங்களும் ஒருவருடையவைதாம். மூக்கின் ஓரம், இரண்டு ஒளியும் சந்திக்கும் இடத்தில், மெல்லிய சாம்பல் பட்டை ஒன்று மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் நிற்கிறது.