'சர்க்கரை மயக்கம்' வேண்டாம், 'தாழ்சர்க்கரை' போதும்

ஐயா, வணக்கம். தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் கொடுக்கப்போகும் துண்டறிக்கையில், நீரிழிவுக்காரருக்கு ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவதற்கு 'சர்க்கரை மயக்கம்' என்ற பெயர் வேண்டாமே. மயக்கம் கடைசியில் வருவது. கைநடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, காரணமில்லாத சிடுசிடுப்பு எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். அந்தப் பெயரைக் கேட்டவர், "இன்னும் மயக்கம் வரலையே" என்று வயலிலேயே நிற்பார். 'சர்க்கரைக் குறைவு'ம் ஒத்துவராது. "சுகர் நல்லா குறைஞ்சிருக்கு" என்று டாக்டர் சொன்னால் அது நல்ல சேதி அல்லவா!

'தாழ்சர்க்கரை' என்போம். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் ஆபத்து. எண் எதுவானாலும், அடுத்தவர் உதவியில்லாமல் மீள முடியாத நிலை 'கடுந்தாழ்சர்க்கரை'.

நடவுக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுத வேண்டும். காலை ஏழு மணிக்கு 30/70 கலவை இன்சுலின் போட்டால், அதில் மெதுவாக வேலை செய்யும் 70 பங்கு நடுப்பகலை ஒட்டித்தான் உச்சத்துக்கு வரும். அன்றைக்குப் பார்த்துச் சாப்பாடு இரண்டு மணிக்குத் தள்ளிப்போகும். குனிந்து நடுகிற வேலையும் சர்க்கரையை இழுக்கும். ஆகவே பதினொரு மணிக்கு இரண்டு இட்லியாவது உள்ளே போக வேண்டும். தொடையில் ஊசி போட்டுவிட்டு உடனே சேற்றில் இறங்கினால் மருந்து வேகமாக ஏறும். வயிற்றில் போடுவது நல்லது.

மடியில் 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலம், அதாவது குவித்த மூன்று டீஸ்பூன், இருக்கட்டும். சாப்பிட்டு 15 நிமிடம் கழித்தும் 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு பொட்டலம். தாண்டியதும் சாப்பாடு. மோரும் நீராகாரமும் தாகத்துக்குச் சரி, இதற்குப் போதாது. கடலை மிட்டாயில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

* * *

அம்மா, 'தாழ்சர்க்கரை' எனக்குச் சம்மதம். தலைப்பில் மட்டும் பக்கத்திலேயே 'லோ சுகர்' என்று போடுங்கள். மருந்துக்கடையில் அதுதான் செல்லும்.

இன்னும் சில சேர்க்க வேண்டும். மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிக்கு 40 யூனிட் சிரிஞ்சுதான். இன்சுலின் பேனாவுக்கான, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை அந்தச் சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். நினைவிழந்தவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். 108ஐ அழைக்க வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு என்னும் நீரிழிவு மாத்திரைகளைச் சாப்பிடும் முதியவருக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் மறுபடி இறங்கலாம், வீட்டில் படுக்கவைக்காதீர்கள்.

அறிகுறியே தெரியாமல் இறங்குவதை 'உணராத் தாழ்சர்க்கரை' எனலாம். சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ஆகவே பட்டியலில் முதல் அறிகுறியாக 'நிழலில் உட்கார்ந்தும் அடங்காத வியர்வை' என்று போடுங்கள்.