மைஎஸ்கியூஎல் 1045 பிழை: குழுக் கணக்கு திறக்கவில்லை, டேட்டா போய்விட்டதா?

ராஜபாளையம்_அக்கா:
எங்கள் மகளிர் குழுவின் சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. தம்பி மகன் பிஎச்பியில் எழுதிக் கொடுத்த புரோகிராம், எக்ஸாம்ப் (சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ்) போட்டு ஓடுகிறது. விண்டோஸ் 10. போன வாரம் வரை ஒரு தொல்லையும் இல்லை. நேற்று எக்ஸாம்ப் கண்ட்ரோல் பேனலில், கணக்கைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லுக்கு ஸ்டார்ட் கொடுத்தால் மஞ்சளாகி உடனே அணைந்துவிடுகிறது. கீழே சிவப்பு எழுத்தில் ஏதோ ஓடுகிறது. டேட்டாபேஸைப் பார்க்கும் பிஎச்பி மைஅட்மினைத் திறந்தால் "ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர் ரூட்", 1045 என்கிறது. நாங்கள் பாஸ்வேர்டே வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், ஆளாளுக்கு நிலுவை கேட்பார்கள். டேட்டா போய்விட்டதா, அதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.

கோட்கிறுக்கன்:
எக்ஸாம்ப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு புதுசா போடுங்க. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

ஈரோடு_பில்லிங்:
அக்கா, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீங்க. சி டிரைவ்ல எக்ஸாம்ப், அதுக்குள்ள மைஎஸ்கியூஎல், அதுக்குள்ள டேட்டான்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். உங்க கணக்கு மொத்தமும் அதுலதான். அதை அப்படியே ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வைங்க. உங்க சர்வர் ஸ்டார்ட்டே ஆகலைங்கிறதால இப்போ எடுக்கிறது பாதுகாப்புதான். யூடியூப்ல யாராவது அந்த ஃபோல்டர்ல இருக்கிற ஐபிடேட்டா1 ஃபைலை அழிக்கச் சொன்னா கேக்காதீங்க, கணக்கு அதோட போயிடும்.

இப்போ விஷயம். சர்வரே ஓடலைன்னா பிஎச்பி மைஅட்மின்ல 2002ங்கிற பிழை வரும், கமாண்ட் பிராம்ப்ட்ல பார்த்தா 2003. உங்களுக்கு வர்றது 1045. கதவைத் தட்டினா உள்ளேயிருந்து "நீ யாரு"ன்னு குரல் வருது, ஆனா உங்க ஆள், அதாவது எக்ஸாம்ப்போட மைஎஸ்கியூஎல், வீட்டுக்குள்ளேயே போகலை. அப்போ பேசுறது வேற யாரோ. வீட்டுல யாராவது தனியா மைஎஸ்கியூஎல் போட்டாங்களா? கமாண்ட் பிராம்ப்ட்ல நெட்ஸ்டாட் கமாண்டை ஏ, என், ஓ சேர்த்து அடிச்சு 3306ங்கிற வரியைத் தேடுங்க, அதுதான் மைஎஸ்கியூஎல் வழக்கமா உக்கார்ற போர்ட், கதவு நம்பர் மாதிரி. அந்த வரியோட கடைசி நம்பர் எந்த புரோகிராமோடதுன்னு டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் டேப்ல பாருங்க. அந்தச் சிவப்பு எழுத்தையும் படிச்சுச் சொல்லுங்க, எல்லாரும் அதைத்தான் விட்டுடுறாங்க.

ராஜபாளையம்_அக்கா:
தம்பி, காப்பி எடுத்துவிட்டேன். சிவப்பில் "போர்ட் 3306 இன் யூஸ் பை" என்று ஆரம்பித்து புரோகிராம் ஃபைல்ஸ், மைஎஸ்கியூஎல் சர்வர் 8.0 என்று ஒரு பாதை இருக்கிறது. மகளைக் கேட்டேன். காலேஜ் லேபுக்காகப் போட்டாளாம், "அதுக்கும் உங்க கணக்குக்கும் என்னம்மா சம்பந்தம்" என்கிறாள். அழித்துவிடச் சொல்லலாமா?

ஈரோடு_பில்லிங்:
பாப்பா பாடத்தை ஏன் அழிக்கணும்? ரெண்டும் இருக்கலாம், ஒரே போர்ட்ல மட்டும் உக்காரக் கூடாது. அவளோடது விண்டோஸ் சர்வீஸா இருக்கும், கம்ப்யூட்டர் போட்ட உடனே தானா எழுந்து 3306ஐப் பிடிச்சுக்கும்.

ஞாயிறு வரைக்கும் இது போதும்: சர்வீசஸ் திறந்து மைஎஸ்கியூஎல்80 மேல ரைட் கிளிக், ஸ்டாப். அப்புறம் பிராப்பர்ட்டீஸ்ல ஸ்டார்ட்அப் டைப்பை மேனுவல்னு மாத்துங்க. எக்ஸாம்ப்ல ஸ்டார்ட் கொடுத்தா பச்சையாகணும்.

கூட்டம் முடிஞ்சு நிதானமா அவளோட சர்வரை 3307க்கு மாத்திடலாம். புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள்ள மைஎஸ்கியூஎல் சர்வர் 8.0ல மை.ஐஎன்ஐ ஃபைல் இருக்கும். அந்த ஃபோல்டர் மறைஞ்சிருக்கும், வியூவுல ஹிடன் ஐட்டம்ஸ் டிக் போடணும். போர்ட்ங்கிற வரியை மாத்திட்டு சர்வீஸை ஸ்டார்ட் பண்ணுங்க. உங்க பக்கம் மாத்தாதீங்க, மாத்தினா பிஎச்பி மைஅட்மின் கான்ஃபிக், தம்பி மகன் எழுதின கனெக்‌ஷன் வரின்னு ஒவ்வொண்ணா தேடணும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. எக்ஸாம்ப்ல பேருதான் மைஎஸ்கியூஎல், இப்போ உள்ளே இருக்கிறது மரியாடிபி, அதுலயிருந்து பிரிஞ்சு வந்த வேற டேட்டாபேஸ். பென்டிரைவ்ல எடுத்த டேட்டாவைக் கொண்டுபோய் 8.0 ஃபோல்டர்ல போட்டா திறக்காது.

ராஜபாளையம்_அக்கா:
பச்சை வந்துவிட்டது! எல்லாருடைய கணக்கும் அப்படியே இருக்கிறது. நிலுவைப் பட்டியலை பிரிண்ட் எடுத்துவிட்டேன். மகள் இப்போது அவளுடைய மைஎஸ்கியூஎல்லைத் திறக்கும் ஒர்க்பெஞ்ச் புரோகிராம் கனெக்ட் ஆகவில்லை என்கிறாள்.

ஈரோடு_பில்லிங்:
அவளோட சர்வீஸை நிறுத்தி வச்சிருக்கோமில்ல, அதான். 3307க்கு மாத்தி ஸ்டார்ட் பண்ணினதும் ஒர்க்பெஞ்ச்ல அந்தக் கனெக்‌ஷனை எடிட் பண்ணி போர்ட் நம்பரையும் மாத்தச் சொல்லுங்க. மறந்து 3306லயே விட்டா உங்க எக்ஸாம்ப்பைத்தான் போய்த் தட்டுவா, அவளுக்கும் 1045தான் வரும்.