பழைய பித்தப்பை எக்ஸ்ரே எடுத்த சீனியர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் ரேடியோகிராபி மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன்: அல்ட்ராசவுண்டு வருவதற்கு முன் பித்தப்பைக் கல்லை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று. நான் படித்த காலத்திலேயே இது வழக்கொழிந்துவிட்டது, அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

புத்தக விஷயம் கையில் இருக்கிறது. 1924-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கிரஹாம், கோல் என்ற இரு மருத்துவர்கள் புரோமின் கலந்த சாயத்தை நரம்பில் ஏற்றிப் பித்தப்பையைப் படத்தில் காட்டினார்கள். அப்புறம் அயோடின் மாத்திரைகள் வந்தன. அவற்றில் ஒன்றான ஐயோபனோயிக் அமிலம் என்றால் முந்தைய நாள் கொழுப்பில்லாத இரவுச் சாப்பாடு, பிறகு 500 மி.கி. மாத்திரை ஆறு. குடல் உறிஞ்சி, கல்லீரல் பித்தநீரில் சேர்க்க, பித்தப்பை தண்ணீரை இழுத்துக்கொண்டு மருந்தைச் செறிவாக்கும். காலையில் பை வெள்ளையாகத் தெரியும், கல் இருந்தால் நடுவில் கறுப்பு ஓட்டை. மஞ்சள்காமாலைக்காரர்களுக்கு இது பலிக்காது. ஒரு மாத்திரை இவ்வளவு நிதானமாக வேலை செய்வது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்!

எனக்கு வேண்டியது இரண்டு. பை சுருங்குகிறதா என்று பார்க்கக் கொழுப்பு உணவு கொடுப்பீர்களே, நம் ஊரில் என்ன கொடுத்தீர்கள், முட்டையா, வெண்ணெயா? முதல் நாள் பை தெரியாமல் மறுபடி மாத்திரை கொடுத்த அனுபவம் உண்டா? பழைய ஃபிலிம் இருந்தால், நோயாளி பெயரை மறைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். வியாழனுக்குள் கிடைத்தால் நல்லது.