பக்கவாதத்துக்கு வி.ஆர். கண்ணாடி மாட்டி கைப்பயிற்சி: மூளை அலையை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்க

பாம்பன் மகள்:
பக்கவாதம் அடிச்சு அப்பாவுக்கு வலது கை விழுந்துருச்சு. மதுரையில மூளை அலையைப் பிடிக்குற ஒயர் தொப்பி மாட்டி, அதுக்கு மேல, நிஜம் மாதிரியே படம் காட்டுற வி.ஆர். கண்ணாடியும் போட்டாங்க. கண்ணாடிக்குள்ள ஒரு வலது கை டம்ளரை எடுக்குது. அப்பா கை மடியிலயே கிடக்கு. "நீங்களும் எடுங்கய்யா"ன்னதும் கம்ப்யூட்டர்ல, வலது கையை ஆட்டுற இடது பக்க மூளையோட அலையைக் காட்டுற பட்டை சட்டுனு இறங்குச்சு. "அலை அடங்குனா அந்த இடம் வேலையில இறங்கிருச்சுன்னு அர்த்தம்க்கா"ன்னு அந்தப் பொண்ணு சொன்னுச்சு. விரல் ஒண்ணுகூட அசையல. ஆனா உள்ள உத்தரவு போயிருக்கு! கண்ணை மூடிக்கிட்டே வலை ஊசி ஓட்டுன கை அது. வேற யாராவது இதைப் பார்த்திருக்கீங்களா?

கீழக்கரை:
உம்மாவுக்கு இடது கை. தொப்பி கிடையாது, கண்ணாடி மட்டும். பறந்து வர்ற பலூனைத் தட்டணும். வலது கை தானா முந்திக்கிட்டு எழும்பும். பிசியோ தம்பி அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டார். உம்மாவுக்குக் கோபம். அந்தக் கோபத்துலயே இடது கையை ஒரு ஜாண் தூக்கிட்டாங்க! பலூன்ல படல. அந்த ஒரு ஜாண் என்னைத் தூங்க விடல.

மண்டபம்:
பாம்பன் தங்கச்சி, பட்டை இறங்குனதை வச்சு உத்தரவு போயிருச்சுன்னு சொல்லிட முடியாதும்மா. அது மியூ அலை, கை சும்மா இருக்கும்போது மூளையில வர்றது, வினாடிக்கு 8லிருந்து 13 தடவை. அடுத்தவங்க கை அசையுறதைப் பார்த்தாலே குறையும், மனசுல நினைச்சாலும் குறையும். என் மச்சானுக்கும் நல்லாவே இறங்குச்சு. சட்டைப் பட்டன் போட்டுவிட இன்னும் அக்காதான்.

பாம்பன் மகள்:
கை வந்துரும்னு நான் எழுதலண்ணே. அந்த இடம் செத்துப்போகலைன்னு கண்ணால பார்த்தேன். அதைத்தான் எழுதினேன்.

தொண்டி:
சித்தப்பா ஒரே நாள்ல தலை சுத்தி வாந்தி எடுத்துட்டார். கடல்ல வல்லத்துல அவர் ஆடாத ஆட்டமா! அதனால சொல்றேன், இந்தக் கண்ணாடியை மட்டும் நம்பிக் காசைக் கரைக்காதீங்க. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுற காக்ரேன் அமைப்போட 2017 தொகுப்புல, கைக்கு வி.ஆர். வழக்கமான பயிற்சியை மிஞ்சலன்னு இருந்துச்சு. அதோட கூடுதலாச் சேர்த்தாத்தான் பலன்னு அப்ப சொன்னாங்க. முகம் பார்க்குற கண்ணாடியை ரெண்டு கைக்கும் நடுவுல நிறுத்தி, நல்ல கையை அசைச்சு அந்தப் பிம்பத்தைப் பார்க்க வைங்க. மூளை விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் 1990கள்ல கை இழந்தவங்களுக்குச் செஞ்சது, இப்ப வாதத்துக்கும் செய்றாங்க. விழுந்த கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்காதீங்க, தோள் இறங்கிடும். யாருக்காவது வாய் கோணுச்சுன்னா எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருக்காம 108ஐக் கூப்பிடுங்க. ரத்தக் கட்டியைக் கரைக்குற ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு.

கீழக்கரை:
அண்ணே, உம்மாவுக்கு அந்தக் கெடு எப்பவோ போயிருச்சு. விழுந்த கை வேலை செய்யட்டும்னு நல்ல கையைக் கட்டி வச்சுப் பயிற்சி கொடுத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. தினம் எவ்வளவு நேரம் கட்டினீங்க?